பழைய புல்லட்

புதிய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவனுக்குப் பணம் இருந்தால் போதும்; 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் உருவாக்கிய, வார்ப்பிரும்பு எஞ்ஜின் கொண்ட பழைய புல்லட்டை வாங்குகிறவனுக்கோ, பணத்தைக் காட்டிலும் பொறுமையும் நல்ல மெக்கானிக் ஒருவரின் சிநேகமுமே அத்தியாவசியம் என்பது என் அபிப்பிராயம்.

கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்குமாக அமைந்த என் வண்டியை ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை: அம்மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும் வரையில் கிக்கரை மெல்ல மிதித்து, டிகம்ப்ரஷன் லீவரை அழுத்திப் பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு நிதானமாக ஓர் உதை கொடுத்தால் எழுந்துவிடும், அவசரக்காரனையோ திருப்பி உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். டேப்பெட் பார்ப்பதற்கும் சிரத்தை வேண்டும். எஞ்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கையில் புஷ் ராடு விரல் நுனிக்குத் தாராளமாகச் சுழலலாம், மேலும் கீழும் ஆடலாகாது. ஆயில் கசிவதைப் பற்றி விசாரப்படுகிறவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்வது உத்தமம். நான் அடியில் ஓர் அட்டையைப் போட்டுச் சமாதானமடைந்துவிட்டேன்.

வாங்க முற்படும் நண்பர்கள், பெயிண்டின் பளபளப்பில் மயங்காமல், சேஸிஸ் எண்ணையும் எஞ்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டு, கடன் பாக்கி ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்த பிறகே பேரத்தில் இறங்க வேண்டும். படிவம் 29-லும் 30-லும் விற்பவரின் கையொப்பம் விழாமல், தயவுசெய்து முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.