உழைச்செல்வானும் வங்கிக் கடனும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் அதன் கடைசிக் குறளில் சற்று நின்று செல்வது என் வழக்கம். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பார்ப்பவன் என்று மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார் வள்ளுவர். அந்த நான்காமவனுக்கு அவர் தரும் பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். செவிலியை மருத்துவரோடு ஒரே வரிசையில் வைத்த மரபு நம்முடையது என்று மாணவர்களிடம் பெருமையோடு சொல்வேன். அந்தப் பெருமிதப் பேச்சு ஒரு குடும்பத்தைக் கடனில் இறக்கிவிட்டதைத் தாமதமாகவே உணர்ந்தேன்.

2012ஆம் ஆண்டு எங்கள் தெருவில் தறி ஓட்டும் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கலாமா என்பது அவர் கேள்வி. நான் உழைச்செல்வானைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். படிப்புக்கு வாங்கும் கடன் கடனே அல்ல என்றும் சொன்னேன். முடித்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்று நான் ஒருவரிடமும் விசாரித்திருக்கவில்லை.

2016இல் அவள் படிப்பை முடித்தாள். அறுபது படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையில் மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை. இரண்டாண்டு ஒப்பந்தம், அதுவரை மூலச் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் அலமாரியில். அதே ஆண்டு ஜனவரியில்தான் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் நடுவண் அரசைப் பணித்தது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் உள்ள இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருந்தது. அவள் இரவுப் பணியில் இருந்தாள். அரசுப் பணியாவது கைகொடுக்குமா என்று பார்த்தால், 2015இல் தேர்வு எழுதி வந்த ஒப்பந்தச் செவிலியருக்கே தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடியதைப் பலரும் மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

தவணையைத் தந்தையே தறிக்கூலியிலிருந்து கட்டினார். ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது அவள் என்னிடம் சொன்னாள்: "சார், சேவைன்னு சொன்னீங்க. சம்பளம் எவ்வளவுன்னு கேக்கச் சொல்லலியே." குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டென்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். ஒரு பொருளைச் சொல்லி மறுபொருளை மறைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு அவளுடைய சித்தப்பா தம் மகளோடு வந்தார். அதே கேள்வி. இம்முறை குறளை எடுக்கவில்லை. தாளும் பேனாவும் எடுத்தேன்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு நான்கு லட்சம் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டோம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை என்பார்கள். வட்டி இல்லை என்று பொருளல்ல. தனிவட்டி மட்டுமே 1,40,000 ரூபாய் சேர்ந்துவிடும். 5,40,000 ரூபாயைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய். பதினைந்து ஆண்டு என்றால் தவணை 5,800 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டும். தொடக்கச் சம்பளம் 15,000 ரூபாய் என்றே வைத்தாலும், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும் என்று அந்தப் பெண்ணையே கழிக்கச் சொன்னேன். கழித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

வெளிநாடு போனால் அடைத்துவிடலாமே என்றார் தந்தை. உண்மைதான். அக்காள் 2019இல் வளைகுடாவுக்குப் போய் இரண்டே ஆண்டில் மீதிக் கடனை முடித்தாள். ஆனால் அங்கே பெரும்பாலும் இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவத்தைச் சேர்க்கும் ஆண்டுகளில்தான் சம்பளம் மிகக் குறைவு; தவணை தொடங்குவதும் அப்போதுதான். பள்ளம் அந்த இடத்தில் இருக்கிறது. அதைத் தாண்ட வீட்டில் யாரிடமாவது பணம் இருக்க வேண்டும், அல்லது கடன் சிறியதாக இருக்க வேண்டும்.

ஆகவே கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து முதலில் அரசுக் கல்லூரி, அடுத்துத் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம், அதுவும் இல்லையெனில் அரசுப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயம் என்று வரிசை எழுதினோம். நிர்வாக ஒதுக்கீட்டை அவளே அடித்தாள். பிறகு அக்காளைத் தொலைபேசியில் அழைத்துக் கொடுத்தேன். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் அக்காள் என்னிடம் சொன்னாள்: "படிக்கட்டும் சார். நல்ல வேலைதான். கணக்கு தெரிஞ்சு போகட்டும், அவ்வளவுதான்."

அந்தக் குறளை இப்போதும் நடத்துகிறேன். உழைச்செல்வானுக்குப் பொருள் சொல்லி முடித்ததும், அவனுக்கு என்ன கூலி கொடுத்திருப்பார்கள் என்று வகுப்பைக் கேட்கிறேன். இதுவரை எந்த மாணவரும் சிரிக்கவில்லை.