பேய் இருந்தால் இருக்கட்டும்!

அமாவாசை நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் பார்க்க, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே மேல்மலையனூர் கிளம்பினேன். திண்டிவனம் வழி. 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்பதுதான் மருவித் திண்டிவனம் ஆனதாகச் சொல்வார்கள்.

செஞ்சியில் பஸ் மாறினேன். பக்கத்து ஸீட் பெரியவர் சாலையோரப் புளியமரங்களையே பார்த்தபடி வந்தார். மரத்துக்கு மரம் நம்பர். (காய்ப்பை ஏலம் விடுகிறார்களே, அதற்கு!)

"புளியமரத்துல பேய் இருக்குமாமே, பெரியவரே?"

"இருந்துட்டுப் போவுது தம்பி. அதை ஓட்டத்தான் அங்காளம்மா இருக்காளே! சின்னப் புள்ளையில எங்கம்மாகூட நடந்தே வருவேன். கட்டுச்சோத்தைப் பிரிக்கிறது இந்த நிழல்லதான். புளியம்பிஞ்சுதான் தொட்டுக்க!"

திடீரென்று ரோடு அகலமானது. ஜன்னல் வழியே சுள்ளென்று வெயில். ஒரு மரம்கூட இல்லை.

பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.