ஃப்ளிப்பருக்கு ஏன் இந்த விலை?

பின்பால் மெஷினைப் பிரெஞ்சுக்காரர்கள் ஃப்ளிப்பர் என்பார்கள். சரிவாக வைத்த, கண்ணாடி மூடிய பெட்டி. உள்ளே ஓர் எஃகுக் குண்டு. அது உருண்டு கீழே விழுந்துவிடாமல், பக்கத்துப் பொத்தான்களை அழுத்தி, இரண்டு சின்னத் துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். எங்கள் தெருவில் சொல்தா வீட்டுப் பெரியவர்கள் பிரான்சு கதை பேசினால் கஃபே வரும். கஃபே வந்தால் அதன் மூலையில் ஒரு ஃப்ளிப்பரும் வரும். ஒரு நாணயம் போட்டால் போதும், யாரும் ஆடலாம்.

பாரிஸ் பக்கம் இருக்கும் என் தங்கை மகன் போனில் சொன்னான்: "மாமா, பழைய சூப்பர் நின்டெண்டோ நூறு யூரோவை ஒட்டிக் கிடைக்கிறது. அதே காலத்து நல்ல ஃப்ளிப்பருக்குப் பல ஆயிரம் கேட்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது." இரண்டும் 1990-களின் விளையாட்டுச் சாமான்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம் எண்ணிக்கை. சூப்பர் நின்டெண்டோ உலகம் முழுக்க ஏறக்குறைய 4.9 கோடி விற்றது. ஃப்ளிப்பரிலோ, 1992-இல் வந்து விற்பனையில் சாதனை படைத்த 'ஆடம்ஸ் ஃபேமிலி'யே 20,000-க்குச் சற்று மேல்தான். அதைச் செய்த வில்லியம்ஸ் குழுமம் 1999-இல் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது.

இரண்டாவது, கன்சோல் ஆட்டத்தை நகல் எடுத்து எந்தக் கம்ப்யூட்டரிலும் ஆடலாம். ஃப்ளிப்பரை அப்படி நகல் எடுக்க முடியாது. நூறு கிலோவுக்கு மேல் எடை. உள்ளே கம்பிச் சுருள், ரப்பர் வளையம், பல்பு. குண்டைத் திருப்ப மெஷினை லேசாக இடிப்பதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான். பலமாக இடித்தால் உள்ளே தொங்கும் ஊசல் வளையத்தில் பட்டு, 'டில்ட்' என்று காட்டி, அந்தக் குண்டின் ஆட்டம் முடிந்துவிடும். சட்டென்று மண்டையில் உறைப்பதைப் பிரெஞ்சில் 'ஃபேர் தில்த்' என்பது இதிலிருந்து வந்ததுதான்.

வீடியோ கேமிலும் பெரிய விலை உண்டு. 2021-இல் உறை பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது யாரும் ஆடாமல் இருந்ததற்குக் கிடைத்த விலை. ஃப்ளிப்பருக்கோ, நன்றாக ஓடி, விளக்கு எரிந்து, குண்டு துள்ளினால்தான் விலை.

இந்த விலையேற்றத்தால் ஒரு நன்மை உண்டு. மலிவாக இருந்தவரை, பழுதானதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடத் தோன்றும். இப்போது பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுத்தாலும் கட்டுப்படியாகிறது. ஆனால் அதே விலைதான் அதை வசதியானவர் வீட்டு அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டுகிறது. ஒரு நாணயத்துக்கு எவரும் தொட்ட பொருளை, இனி உடையவரின் நண்பர்கள் மட்டும் தொடுவார்கள். மெஷின் பிழைத்தும் கஃபே மூலை காலியாகிவிட்டது.

நல்ல வேளையாக, பிரான்சில் சில சங்கங்கள் சந்தா வாங்கிக்கொண்டு, பழைய மெஷின்களைச் சரிசெய்து, வருகிறவர்களை ஆட விடுகின்றன. பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் வாசகர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். கண் மங்கினாலும் பரவாயில்லை. குண்டு எங்கே போகிறது என்பது காதிலேயே விழும்.