திரும்பும் ரயிலை முதலில் முடிவு செய்யுங்கள்

சிங்கப்பூரில் இருக்கும் அம்மாவும் மகளும் ஒருநாள் ஜொகூர் பாருவுக்குப் போய்வரலாம் என்று நினைத்தால், பேச்சு பெரும்பாலும் சாப்பாட்டில் தொடங்கும். அடுத்து தையல்காரர், சலூன், மளிகை, கோயில். எப்படிப் போவது என்பது கடைசியில் வரும். அதுவும் "பஸ்ஸிலேயே போயிடலாம்" என்ற ஒரு வரியோடு தீர்ந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் வாதம். முதலில் முடிவாக வேண்டியது மாலையில் ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்திலிருந்து திரும்பும் ரயில். அடுத்தது கிழமை. கடையும் சாப்பாடும் இவ்விரண்டுக்குள் தாமாக அடங்கிவிடும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான கடலைத் தாண்ட இவ்வளவு ஏற்பாடா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரு ஊர்களையும் இணைத்த தண்டவாளத்தைத் தெற்கு முனையிலிருந்து வடக்கு நோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் பதில் கிடைக்கும்.

தெற்கு முனை தஞ்சோங் பகார். 1932இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிற்பங்கள் இன்றும் நிற்கின்றன; ரயில்தான் வருவதில்லை. சிங்கப்பூர் தனி நாடான பிறகும் இந்த நிலையமும் பாதையும் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தன. அதனால் விசித்திரமான ஒரு நிலைமை உண்டானது. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசிய அதிகாரிகள் தஞ்சோங் பகாரிலேயே இருந்தார்கள். வடக்கே போகும் பயணி முதலில் மலேசியாவுக்குள் "நுழைந்துவிட்டு", அப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தூரம் சிங்கப்பூருக்குள்ளேயே பயணம் செய்து, அதன்பிறகுதான் சிங்கப்பூரை விட்டு "வெளியேறினார்". இந்த ஏற்பாடு பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. 2011 ஜூன் 30 இரவு, கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிக்கொண்டு போனார். தண்டவாளம் பெரும்பாலும் பெயர்த்தெடுக்கப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளப் பாதை இப்போது நடைபயிற்சிக்கும் சைக்கிளுக்கும் ஆகிவிட்டது. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலத்தில் இன்று ரயிலுக்குப் பதிலாகச் செல்ஃபி எடுப்பவர்கள் நிற்கிறார்கள்.

பாதை சுருங்கிய கதையை இரண்டு தலைமுறைகளின் வயதோடு சேர்த்துப் பார்க்கலாம். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த 1965இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு வயதாகும்போது, சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் குடிநுழைவுக் கட்டுப்பாடு வந்தது. எட்டு வயதில், 1973இல், இரு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லும் ஏற்பாடு முடிந்தது. நாற்பத்தாறு வயதில் தஞ்சோங் பகார் மூடப்பட்டது. அவருடைய மகள் 1995இல் பிறந்திருந்தால், ஜேபி என்பது அவளுக்கு எப்போதும் பாஸ்போர்ட்டோடு போகிற, எல்லாமே மலிவாகக் கிடைக்கிற ஊர். அம்மாவுக்கோ அது ஒரு காலத்தில் வெறும் அடுத்த ஊர். இருவரும் ஒரே நாளைத் திட்டமிடும்போது ஒருவர் "பக்கத்துலதானே" என்றும் மற்றவர் "மூணு மணி நேரம் ஜாம் ஆகும்" என்றும் சொல்வது இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தூரம் அப்படியே இருக்கிறது, காத்திருப்பு வளர்ந்துவிட்டது.

அந்தக் காத்திருப்பின் மையம் கடற்பாலம். 1903இல் ரயில் உட்லண்ட்ஸ் வரை வந்து நின்றது. அதற்கு மேல் படகு. 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும் அக்டோபரில் பயணிகள் ரயிலும் நீரிணையைத் தாண்டத் தொடங்கின. 1924 ஜூனில் அதிகாரபூர்வமான திறப்பு விழா நடந்தது. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதில் ஓர் இடைவெளியை வெடிவைத்து உண்டாக்கியது. ஜப்பானியர் சில நாட்களில் தீவுக்குள் வந்துவிட்டார்கள். ஜொகூரின் தண்ணீர் குழாய்களில் சிங்கப்பூருக்கு வருவதும் இந்தப் பாலத்தின் வழியேதான். கல்லும் மண்ணும் கொட்டி உறுதியாகக் கட்டிய இந்த இணைப்பைக் குண்டு இல்லாமலும் துண்டிக்கலாம் என்பது 2020 மார்ச் 18 அன்று தெரிந்தது. கொவிட் காரணமாக மூடப்பட்ட எல்லை, 2022 ஏப்ரல் 1 அன்றுதான் நிலவழிப் பயணிகளுக்கு முழுமையாகத் திறந்தது. இடையில் சிறு அளவில் பஸ் ஏற்பாடு இருந்தாலும், ஜொகூரில் தாயும் சிங்கப்பூரில் மகளுமாக வாழ்ந்த குடும்பங்கள் ஏறத்தாழ ஈராண்டு திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டன. ஆகவே போகும் வழியைப் போல வரும் வழியும் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணுவதற்கு இந்தப் பாதையின் நூற்றாண்டு வரலாறு இடம் கொடுக்கவில்லை.

இன்று எஞ்சியிருக்கும் பாதை உட்லண்ட்ஸிலிருந்து ஜேபி சென்ட்ரல் வரைதான். 2015 ஜூலை 1 முதல் ஷட்டில் தெப்ராவ் என்ற ரயில் அதில் ஓடுகிறது. பயணம் ஐந்து நிமிடம். கட்டணத்தில் ஒரு வேடிக்கை உண்டு: வடக்கே போக 5 சிங்கப்பூர் வெள்ளி, தெற்கே வர 5 ரிங்கிட். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிற காலத்தில், அதே ஐந்து நிமிடத்துக்குப் போகும்போது கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட வரும்போது ஆவதில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் ஏன் வடக்கே போகிறார்கள் என்பதையும் மலேசியர்கள் ஏன் தெற்கே வருகிறார்கள் என்பதையும் இந்த ஒரு டிக்கெட்டே சொல்லிவிடும். கால அட்டவணை இன்னும் தெளிவாகச் சொல்லும். ஜொகூரிலிருந்து அதிகாலை 5 மணிக்கே ரயில்கள் அடுத்தடுத்துக் கிளம்புகின்றன. உட்லண்ட்ஸிலிருந்து முதல் ரயில் எட்டரை மணிக்குத்தான். ஜொகூரில் உறங்கி சிங்கப்பூரில் உழைக்கும் மக்களுக்காக வரைந்த அட்டவணை இது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கடக்கிறார்கள். வேலை நாட்களில் அந்தக் கூட்டம் காலையில் தெற்காகவும் மாலையில் வடக்காகவும் நகர்கிறது.

ஒருநாள் உலாவுக்கு இதில்தான் வழி இருக்கிறது. வேலை நாளில் காலை வடக்கே போய் மாலை தெற்கே திரும்பும் இருவர், இரண்டு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறார்கள். சனிக்கிழமை போனால் அந்த வசதி போய்விடும்; சிங்கப்பூரே அன்று காலை வடக்கே கிளம்பும், ஞாயிறு மாலை மொத்தமாகத் திரும்பும். ஜொகூரிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2014 முதல் அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன; 2025 ஜனவரி 1 முதல் அது சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. முன்பு ஞாயிற்றுக்கிழமை ஜொகூருக்கு வேலை நாள். இப்போது இரு பக்கத்துக் குடும்பங்களும் ஒரே நாட்களில் ஒரே கடைத்தொகுதியில் கூடுகின்றன. "மகளுக்கு வேலை நாளில் எங்கே நேரம்?" என்பது சரியான ஆட்சேபம்தான். அதற்கு நான் சொல்வது: ஒரு நாள் விடுப்புக்கும் பள்ளி விடுமுறைக்கால சனிக்கிழமை ஒன்றில் காத்திருக்கப்போகும் மணிகளுக்கும் விலை போட்டுப் பாருங்கள். விடுப்பே மலிவு என்று தெரியும். அப்படியும் முடியாதென்றால் பயணத்தை மாதத்தில் ஒரு முறையிலிருந்து ஆண்டில் இரண்டு முறையாகக் குறைத்து, அந்த இரண்டையும் செவ்வாயிலோ புதனிலோ வையுங்கள்.

பேருந்தே போதும் என்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பஸ் மலிவு, அடிக்கடி வருகிறது, முன்பதிவு வேண்டாம், நினைத்த நேரத்தில் கிளம்பலாம். இருபது வயதுக்காரர் தனியாகப் போனால் நானும் பஸ்ஸைத்தான் சொல்வேன். ஆனால் பஸ்ஸில் ஒருமுறை எல்லை தாண்டுவதற்குள் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். உட்லண்ட்ஸில் இறங்கி, மின்படியில் ஏறி, வரிசையில் நின்று, மறுபடி கீழே இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்கு வரிசை. பாலத்தைத் தாண்டியதும் மறுபடி இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி வரிசை. மொத்த நேரத்தைவிட அதில் நிற்கும் நேரம்தான் கணக்கு, முட்டிவலி உள்ள தாய்க்கு. ரயிலில் போகும்போது இரு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸில் ஒரே கட்டடத்தில் முடிகிறது. ஜேபி சென்ட்ரலில் இறங்கினால் நேரே ஊருக்குள் நடக்கலாம். திரும்பும்போது மலேசியச் சோதனை ஜேபி சென்ட்ரலில், சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸில். நடுவே உட்காரும் ஐந்து நிமிடம்.

இரு வழிக்கும் ரயில் கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் கிடைக்குமென்றால் திரும்பும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ரயில் இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது, கால்களில் தெம்பும் இருக்கிறது, கை காலி. மாலையில் மூன்றும் மாறிவிடுகின்றன. பகல் முழுக்க வெயிலில் நடந்து, இரண்டு கையிலும் பையோடு, பஸ் வரிசையின் கடைசியில் போய் நிற்பதுதான் இந்தப் பயணத்தின் மிக மோசமான கட்டம். அதைத் தவிர்க்கிற சீட்டு 5 ரிங்கிட். ரயில்கள் மணிக்கு ஒன்று என்ற அளவில்கூட இல்லை, கிளம்புவதற்குச் சற்று முன்பே கதவை மூடிவிடுவார்கள், ஆகவே நேரம் கட்டிப்போட்டுவிடுகிறதே என்பார்கள். கட்டிப்போடட்டும். "இந்த ஒரு கடை மட்டும்" என்ற வாக்கியத்துக்கு முடிவு கட்ட அம்மாவாலும் முடியாது, மகளாலும் முடியாது, ரயிலால் முடியும். யார் யாரை அவசரப்படுத்தினார்கள் என்ற மனத்தாங்கலும் வராது.

காகிதங்களிலும் திரும்பும் வழியே முதலில் பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கும் அம்மாக்களுக்கு இது முக்கியம். 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்களை மலேசியா விசா இல்லாமல் 30 நாள் வரை அனுமதிக்கிறது. மின்னியல் வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். அங்கே போவது அவ்வளவு எளிது. ஆனால் கையிலிருக்கும் சிங்கப்பூர் விசா ஒரே ஒரு நுழைவுக்கானதாக இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் போன அம்மா மாலையில் மகள் வீட்டுக்குத் திரும்ப முடியாது. பல நுழைவு விசாவாக இருந்தாலும் சிங்கப்பூரின் வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும். நீண்டகால அனுமதி அட்டை வைத்திருக்கும் மகளுக்கு அது தேவையில்லை. அதனாலேயே அம்மாவுக்குத் தேவைப்படும் என்பதை மகள் மறந்துவிடுவாள். பையையும் கணக்கில் வையுங்கள்: 48 மணி நேரத்துக்குள் திரும்புபவருக்கு (நீண்டகால அனுமதி அட்டைக்காரருக்கு இதுவும் இல்லை) 100 வெள்ளி மதிப்புள்ள பொருள்வரைதான் ஜி.எஸ்.டி. விலக்கு.

ரயிலின் எல்லைக்குள் அடங்கும் ஊர் சின்னதாகிவிடாதா என்றால், ஆகும், அது நல்லதுதான். ஜேபி சென்ட்ரலிலிருந்து மேம்பாலத்தைத் தாண்டினால் சிட்டி ஸ்குவேர். அதன் பின்னே பழைய நகரம். ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919 முதல் விறகடுப்பில் வாழைப்பழக் கேக் சுடும் ஹியாப் ஜூ இருக்கிறது. ஜாலான் உங்கு புவானில் பூக்கடை, புடவைக்கடை, வாழையிலைச் சாப்பாடு, நூறாண்டு தாண்டிய ராஜமாரியம்மன் கோயில். சற்றுத் தள்ளி, 1922இல் சிறு குடிலாகத் தொடங்கி இன்று சுவரும் கூரையும் கண்ணாடித் துண்டுகளால் மின்னும் ராஜகாளியம்மன் கோயில். அதைக் காலையிலேயே வைத்துக்கொண்டால் நடை சாத்தியிருக்குமோ என்ற கவலை இல்லை. கார் வாடகைக்கு எடுத்து டெசாரு, லெகோலேண்ட் என்று விரிப்பவர்கள் ஒருநாளில் பாதியைச் சாலைக்குக் கொடுக்கிறார்கள். வெறும் மலிவுக்காகப் போவது ஒரு பயணமா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அம்மாவுக்கு ரவிக்கை அளவெடுக்கும்போது மகள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்து இறக்கத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு சிங்கப்பூரில் இருவருக்கும் பொழுது கிடைப்பதில்லை. விலை குறைவு அதற்கு ஒரு சாக்கு என்றே வைத்துக்கொள்வோமே.

எல்லாம் சரி, எல்லை தாண்டும் புதிய விரைவு ரயிலான ஆர்.டி.எஸ். வந்துவிட்டால் இந்த வாதம் என்ன ஆகும்? உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகார் வரை 4 கிலோமீட்டர்; ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றும் திறன்; இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே, அதுவும் இரு திசைகளிலும். 2026 முடியும் தறுவாயில் தொடங்குவது இலக்கு. தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஷட்டில் தெப்ராவை நிறுத்திவிடுவது என்பது இரு நாட்டு உடன்பாடு. அப்போது திரும்பும் சீட்டை முதலில் எடுங்கள் என்ற அறிவுரை காலாவதியாகிவிடும். சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் வரும்போது முன்பதிவுக்கு அவசியமில்லை. விசா, வருகை அட்டை பற்றிச் சொன்னது அப்படியே நிற்கும். கிழமை பற்றிச் சொன்னதும் நிற்கும், ஒருவேளை கூடுதல் அழுத்தத்தோடு. கடப்பது எளிதாக எளிதாகக் கடப்பவர்கள் பெருகுவார்கள். ஜொகூர் வாடகையும் சிங்கப்பூர்ச் சம்பளமும் இன்றுள்ள தொலைவில் இருக்கும்வரை, காலை ஏழு மணிக்குப் புக்கிட் சாகாரில் ஏறும் கூட்டம் தெற்கேதான் வரும். சனிக்கிழமை பத்து மணிக்கு உட்லண்ட்ஸ் நார்த்தில் நிற்கும் கூட்டம் வடக்கேதான் போகும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வடக்கே போகும் ரயிலில் அம்மாவுக்கும் மகளுக்கும் இடமிருக்கும்.