கம்பிக்கு அடியில் சென்ற தந்திகள்

மின் கிட்டார் செய்முறையில் கழுத்தும் பிரிட்ஜும் ஒரே நேர்கோட்டில் அமைவது பற்றியே மிகுதியாகப் பேசப்படுகிறது. தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் பக்கவாட்டில் சற்று விலகினாலும், ஓரத் தந்தி விரற்பலகையின் விளிம்பை விட்டு நழுவும் என்பதால் அக்கவலை இயல்பானதே. எனினும், பக்கத் தோற்றத்தில் மட்டும் புலப்படும் மற்றொரு பொருத்தம் இதனினும் கண்டிப்பானது: கழுத்து பின்னோக்கிச் சாயும் கோணமே பிரிட்ஜ் நிற்கவேண்டிய உயரத்தை முடிவுசெய்கிறது. 1952இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட லெஸ் பால் கிட்டாரில் அப்பொருத்தம் எங்கே பிசகியது என்பதே இத்தேடலின் பொருள்.

வழங்கிவரும் கதை எளியது. பிரிட்ஜும் தந்திகளைக் கட்டும் டெயில்பீஸும் ஒன்றாக இணைந்த ட்ரபீஸ் என்னும் உறுப்பில், தந்திகளைக் குறுக்குக் கம்பியின் மேலாகச் செலுத்தாமல் அடியாகச் செலுத்தித் தொழிற்சாலை தவறிழைத்தது என்றும், அதனால் உள்ளங்கையைத் தந்திகளின்மேல் ஊன்றி ஒலியை அடக்கி மீட்டுவது இயலாமற்போனது என்றும் அக்கதை கூறும். 1902 முதல் தந்திக்கருவி செய்துவந்த ஒரு நிறுவனம் தன் கண்முன் இருந்த பிழையை அறியாதிருந்தது என்பதை ஏற்பது கடினம்.

இவ்வுறுப்பின் காப்புரிமையைத் தேடுவோர் வியப்பான ஒரு திருப்பத்தை அடைவர். அக்கிட்டாருக்குப் பெயர்தந்த இசைக்கலைஞர் லெஸ் பால் 1952இல் விண்ணப்பித்து 1956இல் பெற்ற அக்காப்புரிமையின் எண் 2,737,842; அதே எண்ணே 1960களில் கிப்சன் ஹம்பக்கர் பிக்கப்புகளின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டுகளிலும் காணப்படுகிறது. இரைச்சலை நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு, கிப்சன் பொறியாளர் செத் லவர் பெயரில் 1959இல் வழங்கப்பட்ட காப்புரிமையின் எண்ணோ 2,896,491. நகலெடுப்போரைத் திசைதிருப்பவே எண் மாற்றப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், பிக்கப்பின் அடியிலுள்ள எண்ணைப் பற்றிச் செல்பவர் தந்திகளைக் கட்டும் ஓர் உறுப்பின் முன் வந்து நிற்கிறார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அவ்வுறுப்பே தேடலை வேறு திசைக்குத் திருப்புகிறது, ஏனெனில் இதே ட்ரபீஸ் கிப்சனின் மற்றொரு கிட்டாரிலும் இருந்தது. 1954இல் எல்விஸ் பிரெஸ்லியின் சன் நிறுவன ஒலிப்பதிவுகளில் ஸ்காட்டி மூர் மீட்டிய இஎஸ்-295 என்னும் உள்ளீடற்ற உடல்கொண்ட கிட்டாரில், தந்திகள் கம்பியின் மேலாகவே சென்றன. ஆகவே குறை உறுப்பிலும் இல்லை, அதை மாட்டிய கைகளிலும் இல்லை. லெஸ் பால் கிட்டாரின் கழுத்து போதிய சாய்வின்றி ஒட்டப்பட்டதால், மேலாகச் சென்றால் தந்திகள் விரற்பலகையிலிருந்து மிக உயர்ந்துவிடும் நிலையில், தொழிலாளர்க்கு அடிவழியே எஞ்சியது.

கணக்கும் இதற்குத் துணைநிற்கிறது. 628.65 மி.மீ. தந்தி நீளத்தில், கழுத்து உடலோடு சேரும் 16ஆம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஏறத்தாழ 250 மி.மீ. இருப்பதால், கோணம் 1 பாகை மாறினாலே பிரிட்ஜ் இருக்குமிடத்தில் உயரம் சுமார் 4.4 மி.மீ. மாறும், எத்திருகாணியாலும் ஈடுசெய்ய எளிதல்லாத வேறுபாடு அது.

1953இல் கழுத்துச் சாய்வு கூட்டப்பட்டு, தந்திகள் மேலாகச் சுற்றிவரும் புதிய பிரிட்ஜ் பொருத்தப்பட்டது. 1954இல் லெஸ் பால் கஸ்டம் கிட்டாரில் வந்த டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ், ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே திருத்த வழிசெய்தது. அவ்வகைப் பிரிட்ஜைப் பொருத்துவோர் இன்று ஏறத்தாழ 4 பாகைச் சாய்வைக் கொள்கின்றனர்; பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரைந்து பிரிட்ஜின் உயரத்தைக் குறித்த பின்னரே கழுத்துக்கான குழியை வெட்டுகின்றனர்.