836 மீற்றர்தானே என்று நினைத்த மலை



போன டிசம்பரில் பயிற்சியொன்றுக்காகக் கொரியா போயிருந்தபோது எடுத்த பனிமலைப் படத்தைப் போட்டதும் "சேர், உச்சிக்கே ஏறிட்டீங்களா?" என்று பலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். ஏறவில்லை. பாதியில் திரும்பிய கதைதான் இது. ('நாம்' என்று எழுதுவது பழக்கதோஷம். போனது ஒரே ஆள்.)

சியோல் நகரத்தின் வடக்கு ஓரத்திலேயே புக்ஹான்சான் தேசியப் பூங்கா இருக்கிறது. நகர ரெயிலில் கடைசி நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அதன் உயர்ந்த சிகரம் பேகுன்டே, 836 மீற்றர். கல்வியியற் கல்லூரிக் காலத்தில் 2,243 மீற்றர் பாவா ஆதம் மலை ஏறியவர்கள் நாம். இதெல்லாம் ஒரு மலையா என்ற நினைப்பு. ஞாயிறு லீவு. இரண்டு ஜக்கெட், ஒரு பக்கற் பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஒரு மணித்தியாலம் ஒரே சந்தோஷம். பைன் மரக் கிளைகளிலிருந்து அரிசிமா அரிப்பது போலப் பனி கொட்டியது. சின்னப் பிள்ளை மாதிரி அள்ளி அள்ளிப் பார்த்தோம். நீங்கள் பார்த்த படம் அங்கே எடுத்ததுதான்.

கணவாயைத் தாண்டி நிழற்பக்கம் திரும்பியதும் பாதை மாறிவிட்டது. ஆட்கள் மிதித்து மிதித்துப் பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. எல்லோர் சப்பாத்திலும் இரும்புப் பற்கள் மாட்டியிருந்தன. 'அய்சன்' என்கிறார்கள். நம் காலில் புறக்கோட்டையில் வாங்கிய ஓட்டச் சப்பாத்து. மேலே வெறும் கருங்கல், பிடித்து ஏற இரும்பு வடம். அதற்குக் கொஞ்சம் கீழேயே வழுக்கி, இரண்டு மூன்று மீற்றர் சறுக்கிப்போய்க் கைப்பிடித் தூணில் முழங்காலை இடித்து நின்றோம். போனை எடுத்தால், நாற்பது வீதம் இருந்த சார்ஜ், குளிரில் செத்துப்போயிருந்தது.

அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. நாம் எங்கே இருக்கிறோம் என்று இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

நம் வகுப்புப் பிள்ளையொன்றை மகாவலி கொண்டுபோன வருடத்திலிருந்து, ஒவ்வொரு லீவுக்கும் முன்னால் காலைக் கூட்டத்தில் ஒரே பேச்சுத்தான். "தனியப் போகாதீங்க. வீட்ல சொல்லாமப் போகாதீங்க." மைக்கைப் பிடித்துக் கத்துவது நாம்தான்.

மேலிருந்து இறங்கி வந்த எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் நம் சப்பாத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் அடையாளம் காட்டினார். உச்சியில் ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது, அவ்வளவு கிட்ட. மனசே இல்லாமல் திரும்பினோம். தன் ஊன்றுகோல்களில் ஒன்றை நம் கையில் தந்து, கணவாய் வரை முன்னால் மெதுவாக நடந்தார். அடிவாரத்தில் கோலை வாங்கிக்கொண்டு ஒரு தோடம்பழம் தந்தார்.

இரவு உம்மாவுக்குக் கோல் எடுத்தோம். "என்ன மகன், இண்டைக்கு லீவுதானே, றூம்லயா இருந்த?"

"ஓம் உம்மா" என்றோம்.

அவவுக்கு பேஸ்புக் இல்லை. தங்கச்சி, இதை வாசித்துக் காட்டு.