நெருப்பு வைக்கப் போன கதை

"லீவுல என்னடா பண்ணினே?" என்று கிளாஸில் கேட்டார்கள். "காட்டுல நெருப்பு வைக்கப் போனேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். ஜோக் இல்லை. உண்மையிலேயே அதற்குத்தான் போனேன். அதுவும் அரசாங்கக் கூலிக்கு!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். செஞ்சி நெருங்க நெருங்க, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய மாதிரி இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டையைப் பார்க்க ஆள் வருகிறது. சுற்றியிருக்கும் காட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு காப்புக்காட்டின் அடிவாரத்தில்தான் என் பெரியப்பா வீடு. வருஷத்தில் சில மாதம் அவர் தீக்காவலர். தினக்கூலிதான். மற்ற மாதங்களில் மல்லாட்டை பிடுங்கப் போவார், கொத்து வேலைக்குப் போவார். பொங்கல் முடிந்ததும் ஆள் குறைகிறது என்றார். கிளம்பிவிட்டேன்.

வேலை என்னவென்றால், தீத்தடுப்புக் கோடு போடுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் இடுப்பளவு வளர்கிறது. தை பிறந்ததும் காய்கிறது. மாசி தொடங்கி வைகாசி வரை ஒரு பீடித்துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ள. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இப்படிப்பட்ட தீயில்தான் சிக்கினார்கள். மொத்தம் 23 பேர் இறந்துபோனார்கள். அந்த மலைச்சரிவிலும் காய்ந்த புல்தான்.

அதனால் தீ வருவதற்கு முன்னாலேயே காட்டின் ஓரமாகவும் குறுக்காகவும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லை அறுத்து, காயவிட்டு, நாமே எரித்துவிட வேண்டும். அப்புறம் பெரிய தீ வந்தாலும் அந்தக் கரிக்கோட்டுக்கு வந்ததும் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். அவ்வளவுதான் தத்துவம். (வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். நீங்களோ நானோ நம் இஷ்டத்துக்குக் காப்புக்காட்டில் தீ வைத்தால் 1882ஆம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.)

நம்ம ஊர்க் குன்றுகளில் இந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே எரிக்கவே கூடாது. காயா, வீரை, உலக்கைப்பாலை மாதிரி மரங்கள் நெருப்பைத் தாங்கிப் பழகியவை அல்ல. எல்லாக் காடும் அப்படி இல்லை. கர்நாடகாவின் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் வருஷத் தொடக்கத்தில் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பது வழக்கம். 1974இல் அது சரணாலயம் ஆனபிறகு அந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது என்று அங்கே பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் உண்ணிச்செடியும் தீயும் ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன என்று அங்கிலா ஹிரேமத், பரத் சுந்தரம் இருவரும் 2005இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஆக, எங்கே எரிக்கலாம், எங்கே கூடாது, எப்போது எரிக்கலாம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எங்கள் கேங்கில் ஏழு பேர். பெரியப்பாதான் மேஸ்திரி. அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. ஆனால் தீ வைக்குமுன் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிக் காற்றைப் பார்ப்பார். காற்று வரும் பக்கம் பார்த்து, அதற்கு எதிராகத்தான் தீ நகர வேண்டும். அப்போதுதான் மெதுவாக, கணுக்கால் உயரத்தில் ஊர்ந்து போகும். சரிவில் மேலிருந்து கீழே எரிக்க வேண்டும். கீழே வைத்தால் மேலே இருக்கும் புல்லைக் காய்ச்சிக்கொண்டே ஓடும், பிடிக்க முடியாது. வெயில் தாழ்ந்தபிறகுதான் தீக்குச்சியையே தொடுவார். ஒருவர் தீ வைக்க, மற்றவர்கள் நொச்சித் தழைக் கொத்தோடு இரண்டு ஓரமும் நிற்போம். கோட்டைத் தாண்டும் பொறியை அடித்து அணைக்க வேண்டும். முதல் நாள் இரவு என் புருவத்தில் பாதி இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை கடைசியில்தான். எரிந்து முடிந்த ஓரம் முழுக்கக் குனிந்து, புறங்கையால் தொட்டுக்கொண்டே நடக்க வேண்டும். "கண்ணை நம்பாதடா. கங்கு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்" என்பார் பெரியப்பா.

மூன்றாம் நாள் அவர் பாதி ஆட்களோடு மேலே போகவேண்டி இருந்தது. "கீழ் முனைக்கு இன்னிக்கி நீதான்டா மேஸ்திரி" என்றார். என்னைவிட இருபது வயது மூத்த அக்கா ஒருவர் உட்பட மூன்று பேர் என் கீழே. பெருமை தாங்கவில்லை. மண் தூவிப் பார்த்தேன், அவர் மாதிரியே இடுப்பில் கைவைத்து நின்றேன். தீ சொன்னபடி கேட்டது. இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஓரத்தைக் கண்ணால் ஒரு நோட்டம் விட்டேன். புகை இல்லை. "அணைஞ்சிடுச்சு, வாங்க" என்று கத்தினேன். அந்த அக்கா, "தொட்டுப் பார்த்தியா தம்பி?" என்று கேட்டார். "பார்த்துட்டேன்க்கா" என்றேன்.

பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் காற்று எழுந்தது. கோட்டின் ஓரத்தில் காய்ந்த சாணி ஒன்று ராத்திரி முழுக்க உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு இருந்திருக்கிறது. நாங்கள் ஓடிப்போய் அடித்து அணைக்க இரண்டு மணி நேரம் ஆனது. சுமார் அரை ஏக்கர் போய்விட்டது. காயாப் புதர்கள் கருகிவிட்டன. ஓர் உலக்கைப்பாலையின் அடிமரம் ஒரு பக்கம் வெந்துவிட்டது. அந்த மரம் மிக மெதுவாக வளரும். அந்த அளவு பருக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்குமோ.

அதிகாரி வந்தார். "நேத்து கடைசியா யார் பார்த்தது?"

"நான்தான் சார்" என்றார் பெரியப்பா.

நான் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்த அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவை இரண்டு நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ராத்திரி, "ஏன் பெரியப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "உன்னை நிக்க வெச்சது நான்தானே? மேஸ்திரின்னா கடைசி கங்கு வரைக்கும் அவன் கணக்குதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் போய் உண்மையைச் சொல்ல இரண்டு நாள் ஆனது. அதற்குள் அந்த இரண்டு நாள் கூலி போயே போய்விட்டது.

ஊருக்குத் திரும்பியபிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இப்படித் திட்டமிட்டு எரிப்பது பெரிய அளவில் நடக்கிறது. குழுத் தலைவருக்கு 'பர்ன் பாஸ்' என்று பெயர். 2022இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வனத்துறை வைத்த தீயே கைமீறி 3,40,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ அதுதான். இரண்டு தீ சேர்ந்துதான் அவ்வளவு பெரிதானது. அதில் ஒன்று, ஜனவரியில் எரித்த மரக்குவியல். பனிக்கு அடியில் கனன்றுகொண்டே இருந்து ஏப்ரலில் எழுந்தது. அதைப் படித்ததும் எனக்கு அந்தச் சாணிதான் ஞாபகம் வந்தது. பனி கொட்டும் ஊரிலேயே அப்படி என்றால் செஞ்சி வெயிலில் கேட்கவா வேண்டும்?

அதற்காக எரிப்பதையே நிறுத்திவிடலாமா? என் பதில், கூடாது. பி.காம். முதல் வருஷத்தில் முன்னெச்சரிக்கை மரபு என்று படித்தோம், ஞாபகம் இருக்கா? வரப்போகும் நஷ்டத்துக்கு இன்றே ஒதுக்கி வை, வரப்போகும் லாபத்தை இன்றே எழுதாதே. தீத்தடுப்புக் கோடு அப்படி ஓர் ஒதுக்கீடுதான். கஷ்டம் என்னவென்றால், கோடு ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. எரியாத காட்டுக்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு கிடையாது. எரிந்த அரை ஏக்கருக்கு மட்டும் உடனே பதிவு விழும், பெரியப்பா பேரில் விழுந்த மாதிரி. அந்த சீசனில் அவர் போட்ட மற்ற கோடுகளுக்கு வரவு எழுத ஆள் இல்லை.

மீதி இருந்த நாட்களில் நான் கோட்டின் ஓரத்தை ஒரு அடிகூட விடாமல் புறங்கையால் தொட்டு நடந்தேன். கையில் இரண்டு கொப்புளம். ஒன்றின் தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுத்த முறை செஞ்சிப் பக்கம் போனால் குன்றின் அடிவாரத்தைப் பாருங்கள். கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால், "யாரோ காட்டைக் கொளுத்திட்டானுங்க" என்று உடனே திட்டிவிடாதீர்கள். யாரோ ஒருவர் குனிந்து, தொட்டுத் தொட்டு நடந்த தடமாகவும் அது இருக்கலாம்.